கூரைக்குள்ள ரக்கூன் குட்டி போட்டிருந்தால் என்ன செய்யிறது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ரொறன்ரோ ஸ்காபரோவில ரெண்டு மாடி செமி வீடு (ஒரு சுவரால பக்கத்து வீட்டோட ஒட்டினது), ஏப்ரல் நடுப்பகுதி. கொஞ்ச நாளா இரவில கூரைக்குள்ள தடதடவெண்டு ஆரோ நடக்கிற சத்தம், இப்ப பகலிலயும் பெட்ரூம் சீலிங்குக்கு மேல கீச்சுக் கீச்செண்டு கேக்குது. ஒருத்தர் வந்து பாத்திட்டு "பொறிக்கூடு வைச்சுப் பிடிச்சு அல்கொங்குவின் காட்டில கொண்டுபோய் விடுறன்" எண்டு காசு கேட்டிருக்கிறார், மாமா "இரவு அது வெளிய போன நேரம் பாத்து ஓட்டையை அடைச்சு விடு" எண்டுறார், வேலையில ஒரு அண்ணை நப்தலின் உருண்டை எறியச் சொல்லுறார். இதில எதைச் செய்யிறது? ஏணி ஏறிப் பழக்கமில்லை, ரக்கூனால விசர் நோய் (ரேபீஸ்) வருமோ எண்டும் பயமாயிருக்கு.

தம்பி, மூண்டும் வேண்டாம். நான் இஞ்ச கன வருசமா றூஃபிங் செய்யிறனான், கூரை வேலைக்குப் போற இடத்தில ரக்கூன் கிழிச்ச மூலையை அடைக்கிற வேலையும் சேந்துதான் வரும், அதால வனவிலங்கு வேலை செய்யிற கொம்பனிக்காரரோடயும் நிண்டு பாத்திருக்கிறன். நீங்கள் எழுதினதில முக்கியமானது இரவு நடக்கிற சத்தம் இல்லை, அந்தப் பகல் கீச்சுச் சத்தம்.

வளந்த ரக்கூன் பகலில சுருண்டு படுத்திடும், சத்தம் போடாது. பகலில, ஒரே இடத்தில இருந்து, குருவிக் குஞ்சுகள் கத்துறமாதிரி விட்டு விட்டுக் கேக்குதெண்டால் அது குட்டியள். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில இதுகள் ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் சேரும், சினைக்காலம் 63 - 65 நாள், அப்ப மார்ச் கடைசி தொடங்கி மே வரைக்கும் குட்டி போடுற காலம். ஏப்ரலில கூரைக்குள்ள ரக்கூன் நிண்டால் அது தாய் எண்டே எடுத்துக்கொள்ளுங்கோ, பிழைச்சால் நட்டமில்லை. வழமையா மூண்டில இருந்து அஞ்சு குட்டி. பிறக்கேக்க கண் மூடியிருக்கும், திறக்க மூண்டு கிழமை அளவில எடுக்கும், ஏறி இறங்கப் பழக ஆறேழு கிழமை, தாய்க்குப் பின்னால வெளிய போய்ச் சாப்பாடு தேட எட்டுப் பத்துக் கிழமை. கடுவன் கிட்டவும் வராது, வளக்கிறது முழுக்கத் தாய்தான். என்ன வழியில வெளியேத்திறது எண்டதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்குது. செப்டம்பரில இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நாலு வரியில பதில் எழுதியிருப்பன்.

மாமா சொன்னமாதிரி இரவில ஓட்டையை அடைச்சால் என்ன நடக்கும் எண்டு சொல்லுறன். தாய் விடியப்புறம் வந்து பாக்கும், குட்டியின்ர சத்தம் உள்ள கேக்கும், அடைச்ச பலகையைக் கழட்டும், முடியாட்டிப் பக்கத்தில கூரை மேல ஒட்டியிருக்கிற சிங்கிளைக் கிளப்பி பிளைவுட்டைக் கடிச்சுப் புதுசா ஓட்டை போடும். கூரைப் பலகை ஈரத்தில கொஞ்சம் ஊறியிருந்தால் இது அதுக்கு ஒரு இரவு வேலை. உண்மையிலேயே உள்ள போக ஏலாமல் நீங்கள் அடைச்சிட்டால் இன்னும் மோசம், குட்டியள் பசியில ரெண்டு மூண்டு நாள் கத்திக் கத்திச் செத்து, பிறகு சீலிங்கில மஞ்சளா ஒரு கறை இறங்கி, நாத்தமும் இலையானும் தொடங்கும். சீலிங்கை வெட்டித்தான் எடுக்கவேணும்.

கூடு வைச்சுப் பிடிக்கிறவர் கதைக்கு வருவம். ஒன்ராறியோவில 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. உங்கட சொத்தைச் சேதப்படுத்திற விலங்கைக் கலைக்கவும் பிடிக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனால் உயிரோட பிடிச்சால் 24 மணித்தியாலத்துக்குள்ள, பிடிச்ச இடத்தில இருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ள விடவேணும். அல்கொங்குவின் இஞ்சயிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல. அப்ப அவர் ஒண்டில் சட்டத்தை மீறப்போறார், இல்லாட்டிப் புலுடா விடுறார், அடுத்த பார்க்கில இறக்கிப்போட்டுப் போயிடுவார். ரெண்டிலயும் காசு உங்கட.

சட்டத்தை விடுங்கோ, வேலையும் செய்யாது. கூட்டில மாட்டுறது தாய், குட்டியள் மேல கிடக்கும். தூரத்தில விட்ட தாய்க்கு அங்க எங்க படுக்கிறது, எங்க தண்ணி எண்டு ஒண்டும் தெரியாது, கனக்கத் தப்பாது. யோர்க் பல்கலைக்கழகத்தில சூசன் மக்டொனால்ட் எண்டொரு பேராசிரியர் ரொறன்ரோ ரக்கூனுக்கு ஜிபிஎஸ் பட்டி கட்டி எங்க போகுது வருகுது எண்டு பாத்தவ. நகரத்து ரக்கூன் பெரிய ரோட்டுகளைக் கடக்காமல் சின்ன வட்டாரத்துக்குள்ளயே சீவிக்குது எண்டு கண்டவ. அந்த வட்டாரத்துக்குள்ள எந்த டெக், எந்தக் கராஜ், எந்த மரப் பொந்து எண்டு தாய்க்குப் பாடம், ஒரு கூடு சரிவராட்டி மாற அதுக்கு வேற இடம் கைவசம் இருக்கும். வெளியேத்திற நல்ல வழி எல்லாம் இந்த ஒரு விசயத்தை நம்பித்தான் இருக்கு. தாயைத் தூரத்துக்குக் கொண்டு போனீங்களோ அது இல்லாமல் போச்சு. ஓட்டை மட்டும் அப்பிடியே இருக்கும், அடுத்த ரக்கூன் வந்து குடியேறும்.

நப்தலின் உருண்டை ஒரு மண்ணுக்கும் உதவாது. திறந்த அற்றிக்கில, அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில இருக்கிற வெளியில, அந்த மணம் ரக்கூனை எழுப்பிற அளவுக்கு நிக்காது, ஆனால் மெல்ல மெல்லக் கீழ பெட்ரூமுக்கு இறங்கும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில அந்தப் புகையைச் சுவாசிக்கக் குடுக்கிறது நல்லதில்லை. அமோனியாவும் அப்பிடித்தான், கண் திறவாத குட்டியின்ர மூச்சை எரிக்கும். நஞ்சு வைக்கிறதைப் பற்றி ஆரும் சொன்னால் காதிலயும் போடாதேங்கோ, அது நேரடியாவே சட்டவிரோதம். 2011இல ரொறன்ரோவில ஒராள் தோட்டத்தை நாசமாக்குது எண்ட கோவத்தில ரக்கூன் குட்டியளைச் சவளால அடிச்சு, பொலிஸ் பிடிச்சு மிருகவதை வழக்குப் போட்டது. ஊரில முகட்டுக்குள்ள மரநாய் ஏறினால் பொல்லெடுத்த ஆக்கள் நாங்கள், இஞ்ச அந்தக் கை வேகம் கோட்டில கொண்டுபோய் விடும்.

சரி, என்ன செய்யலாம்.

முதலாவது, ஒண்டும் செய்யாமல் பொறுக்கிறது. சிரிக்காதேங்கோ, உண்மையாச் சொல்லுறன். ஜூன் நடுப்பகுதி தாண்ட தாய் குட்டியளைக் கூட்டிக்கொண்டு இரவில வெளிய போகத் துவங்கும், அதுக்குப் பிறகு குடும்பத்தோட வெளியேத்திறது சுகம். மழை உள்ள இறங்கேல்லை, வயர் பக்கம் போகேல்லை, சத்தத்தை உங்களால தாங்கலாம் எண்டால் இதுதான் செலவு குறைஞ்ச வழி. ஆனால் ரெண்டு மாசத்தில குளிர் தாங்கப் போட்ட இன்சுலேஷன் பஞ்சு மேல கக்கூஸ் ஒண்டு உருவாகியிருக்கும், அதையும் யோசியுங்கோ.

ரெண்டாவது, தாய்க்கு இடத்தை அலுப்பாக்கிறது. கூட்டுக்குத் தாய் தேடுறது மூண்டு: இருட்டு, அமைதி, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். மூண்டையும் கெடுக்கவேணும். அற்றிக் கதவுக்குள்ளால சூடாகாத எல்இடி வேலை லைற் ஒண்டை இரவு பகலா எரிய விடுங்கோ. ரேடியோவைக் கதவுக்குக் கிட்ட வைச்சு மனுசர் கதைக்கிற சனலைப் போடுங்கோ, பாட்டு வேண்டாம், பாட்டுக்கு அது பழகியிடும், மனுசக் குரல்தான் அதுக்குப் பயம். தமிழ் வானொலி அரசியல் கலந்துரையாடல் போட்டுக் கலைச்ச வீடு ஒண்டு எனக்குத் தெரியும், அது எங்களையே கலைக்கும், ரக்கூன் எம்மாத்திரம். அப்பிள் சைடர் வினிகரில நனைச்ச பழந்துணியை ஒரு பையில கட்டி, அதில ஓட்டை போட்டு கூட்டுப் பக்கம் தள்ளி விடலாம். குட்டியளுக்குக் கிட்டப் போகாதேங்கோ. தாய் உள்ள நிக்கேக்க அற்றிக்குக்குள்ள ஏறவே வேண்டாம், கதவை அரைவாசி திறந்து கை மட்டும் நீட்டினால் போதும். கராஜ், டெக், ஷெட் மாதிரி இடமெண்டால் இது இன்னும் நல்லா வேலை செய்யும்.

இதைத் துவங்கினால் நெடுகச் செய்யவேணும், இரவு லைற்றை நிப்பாட்டிப்போட்டு நித்திரை கொண்டால் தாயும் நித்திரை கொள்ளும். நாலஞ்சு இரவு குடுங்கோ. குளிர் திரும்பி வந்த கிழமை, மழை கொட்டுற கிழமை எண்டால் தாய் நகராது, குட்டி நனையும் எண்டு அதுக்குத் தெரியும், அப்ப வானிலை பாத்துத் துவங்குங்கோ.

மூண்டாவது, காசு குடுத்து ஆளைக் கூப்பிடுறது. உங்கட வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவன், ரெண்டு மாடி உயரம், சரிவுக் கூரை, உங்களுக்கு ஏணி பழக்கமில்லை. நல்ல கொம்பனி எண்டால் பொறிக்கூடு கொண்டு வராது, பெட்டி கொண்டு வரும். நடக்கிறது இப்பிடி: ஒராள் தடிச்ச கையுறை போட்டுக்கொண்டு அற்றிக்குக்குள்ள போவார், தாய் பெரும்பாலும் ஓட்டை வாசலுக்குப் பின்வாங்கும், சிலது பல்லைக் காட்டி நிண்டு முறைக்கும். குட்டியளைக் கூரைச் சரிவு வந்து சேருற ஒடுக்கத்துக்குள்ள, இன்சுலேஷனைக் குழிச்சுப் புதைச்சமாதிரி வைச்சிருக்கும், மற்ற வேலை எல்லாத்தையும் விட அதுகளைத் தேடி எண்ணி எடுக்கத்தான் நேரம் போகும். ஒண்டைத் தவறவிட்டாலும் தாய் திரும்ப வந்து கூரையைக் கிழிக்கும். எடுத்த குட்டியளைச் சூடு குடுக்கிற பெட்டிக்குள்ள வைச்சு, மூடி இறுக்காமல், ஓட்டைக்குக் கிட்டக் கூரை மேலயே கட்டி விடுவார். ஓட்டையில தாய் வெளிய வரலாம், உள்ள போகேலாத ஒருவழிக் கதவு பூட்டுவார்.

இரவு என்ன நடக்குதெண்டால், தாய் வெளிய வரும், திரும்பிப் போகப் பாக்கும், கதவைக் கொஞ்ச நேரம் பிடிச்சு ஆட்டும், பிறகு குட்டிச் சத்தம் பெட்டியில கேக்க அங்க வரும். மூடியைத் தள்ளி, ஒண்டைப் பிடரியில கவ்விக்கொண்டு பீலிப் பைப்பால பின்பக்கமா இறங்கிப் போகும். கன நேரம் ஒண்டும் நடக்காது. பிறகு வெறும் வாயோட திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கும். நான் ஒருக்கா எதிர் வீட்டு ட்ரைவ்வேயில காருக்குள்ள இருந்து இதை முழுசாப் பாத்தனான். கடைசிக் குட்டியைக் கொண்டுபோன பிறகும் ஒருக்கா வந்து, பெட்டிக்குள்ள கையை விட்டு மூலை மூலையாத் தடவிப் பாத்திட்டுத்தான் போனது. சிலது ஒரே இரவில முடிக்கும், சிலதுக்கு ரெண்டு மூண்டு இரவு எடுக்கும். குட்டியள் பெட்டியிலயே கிடந்தால் கொம்பனிக்காரர் திரும்பி வந்து பாக்கவேணும், அதை முதலே கேட்டு வைச்சிருங்கோ. நீங்களா எடுத்து வீட்டில பால் குடுத்து வளக்கிறது சட்டப்படி ஏலாது. தாய் வராமலே விட்டிட்டுது எண்டால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரருக்கு அடியுங்கோ, எப்ப எவ்வளவு நேரம் பொறுக்கிறது எண்டு அவையே சொல்லித் தருவினம்.

அந்த ஒருவழிக் கதவைக் கண்ட கண்ட நேரம் பூட்டுறது தான் இந்தத் தொழிலில நான் காணுற பெரிய அநியாயம். ஓகஸ்ட் கடைசியில இருந்து குளிர் இறுகும் வரைக்கும் அது அருமையான சாமான், குட்டியள் வளந்து தாயோட திரியிற நேரம், எல்லாம் வெளிய போகும், ஒண்டும் திரும்பாது. அதையே ஏப்ரலில, மேயில குட்டி பாக்காமல் பூட்டினால் மாமா சொன்ன வேலையை காசு குடுத்துச் செய்யிறமாதிரி. எஸ்ரிமேற் தர வாற ஆளிட்ட "குட்டி இருக்கோ எண்டு அற்றிக்குக்குள்ள ஏறிப் பாப்பீங்களோ" எண்டு கேளுங்கோ. இல்லை, கதவு பூட்டினால் எல்லாம் போயிடும் எண்டு சொன்னால் தேத்தண்ணி குடுத்து அனுப்பி விடுங்கோ.

அடைக்க முதல் உள்ள ஒண்டும் இல்லை எண்டு உறுதிப்படுத்தவேணும். பழைய முறைதான், நியூஸ்பேப்பரைக் கசக்கி ஓட்டைக்குள்ள லேசாத் திணியுங்கோ. உள்ள நிக்கிறது வெளிய தள்ளும், வெளிய நிக்கிறது இழுத்தெறியும். வானிலை நல்லா இருக்கிற ரெண்டு மூண்டு இரவு பேப்பர் அசையாமல் இருந்தால் காலி. மாரியில இதை நம்பாதேங்கோ. ரக்கூன் கரடிமாதிரி மாசக்கணக்கில உறங்கிறதில்லை, ஆனால் கடும் குளிரில நாள்கணக்கா அசையாமல் கிடக்கும்.

இனி அடைக்கிற வேலை. இதில எனக்குக் கதை கூட, பொறுத்துக்கொள்ளுங்கோ.

செமி வீடுகளில நான் முதல் பாக்கிறது கீழ்க் கூரையும் மேல் கூரையின்ர சொஃபிற்றும் (கூரை விளிம்புக்குக் கீழ்ப்பக்கத்தை மூடுற தகடு) சந்திக்கிற மூலை. கராஜ் கூரையில ஏறி நிண்டால் ரக்கூனுக்கு அந்தச் சொஃபிற் நெஞ்சளவில இருக்கும். அலுமினியச் சொஃபிற் எண்டது தகரத் தாள், ஒரு தவாளிப்பில செருகி நிக்குது, தலையால தள்ளினால் மடங்கும், மேல பலகையும் கிடையாது, நேரா அற்றிக். நாலு அங்குலம் வழி கிடைச்சால் வளந்த ரக்கூனே உடம்பை நெளிச்சுப் போயிடும். வெளிச்சத்தில தூரத்தில நிண்டு பாருங்கோ, அந்த மூலையில தகரம் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும், ஓரத்தில சாம்பல் மயிர் ஒட்டியிருக்கும், பீலிப் பைப்பில கறுப்பா அழுக்குக் கைத்தடம் மேல வரைக்கும் போகும், சின்னப் பிள்ளையின்ர கை மாதிரி அஞ்சு விரலோட.

அடுத்தது கூரை வென்ற், அற்றிக்கில காத்துப் போற வழி. பிளாஸ்ரிக் தொப்பி போட்ட சதுர வென்ற் எல்லாக் கூரையிலயும் ரெண்டு மூண்டு இருக்கும், வெயிலிலயும் பனியிலயும் காஞ்சு பத்து வருசத்தில பிஸ்கற் ஆகியிடும், ரக்கூன் தொப்பியை உடைச்சுக் கழட்டி இறங்கும். அதைப் புதுசா மாத்தினால் மட்டும் போதாது, சுத்திவர நாகம் (ஸிங்க்) பூசின தடிச்ச இரும்புக் கம்பிவலையைப் பெட்டி மாதிரி மடிச்சுக் கூரைப் பலகையில ஸ்குரூ போட்டு இறுக்கவேணும். ஸ்ரேப்பிள் அடிக்கிறவர், கோழிக்கூட்டு வலை கொண்டுவாறவர், ஸ்பிரே ஃபோம் அடிச்சு மூடுறவர், இந்த மூண்டு பேரும் அடுத்த வருசமும் வருவினம். ஃபோமை ரக்கூன் கேக் பிய்க்கிறமாதிரிப் பிய்க்கும். வலையை மூடேக்க காத்துப் போக வழி விடவேணும், இல்லாட்டி அற்றிக்கில ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும், ரக்கூனைக் கலைச்சு அதை வாங்கின கதையாப் போகும்.

புகைபோக்கிக்கு ஸ்ரெயின்லெஸ் மூடி போடுங்கோ, பழைய வீட்டில கன தாய்மார் அதுக்குள்ள குட்டி போடுறவை. கூரையைத் தொடுற கிளையை ஆறேழு அடிக்கு வெட்டுங்கோ, ஆனால் மரத்தை வெட்டினால் ஏற ஏலாது எண்டு நினைக்காதேங்கோ, செங்கல் மூலையைப் பிடிச்சுக்கொண்டே ஏறும்.

டெக்குக்கு, ஷெட்டுக்குக் கீழ எண்டால் சுத்திவர ஒரு அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, கம்பிவலையை டெக்கில இருந்து நேரா இறக்கி, அடியில வெளிப்பக்கமா இன்னொரு அடி மடிச்சு, மண் போட்டு மூடவேணும். தோண்டி வாற விலங்கு வலையில முட்டும், பின்வாங்கித் தோண்ட அதுக்குத் தெரியாது. இது ஸ்கங்க்குக்கும் சேத்துத்தான்.

காலியான பிறகு மேல கிடக்கிற கக்கூஸ் விசயத்தைச் சும்மா விட்டிடாதேங்கோ. ரக்கூன் ஒரே இடத்தில போய் இருக்கிற பழக்கம், அற்றிக் மூலையில, டெக் மேல, கூரைத் தட்டையில குவியலா இருக்கும். அந்த எச்சத்தில பேலிஸஸ்காரிஸ் எண்ட வட்டப்புழுவின்ர முட்டை இருக்கலாம். புதுசா விழுந்ததில இருந்து தொற்றாது, ரெண்டில இருந்து நாலு கிழமைக்குப் பிறகுதான் முட்டை தொற்றிற நிலைக்கு வரும், வந்தால் மண்ணில வருசக்கணக்கா உயிரோட கிடக்கும். மனுசருக்கு வாறது அபூர்வம், ஆனால் வந்தால் மூளை வரைக்கும் போகும், மண்ணை அள்ளி வாயில வைக்கிற வயசுப் பிள்ளையளுக்குத்தான் ஆபத்துக் கூட. ஜாவெல் (பிளீச்) போட்டுக் கழுவினால் சரி எண்டு எங்கட சனம் நினைக்கும், ஜாவெலுக்கு அந்த முட்டை சாகாது. கொதிக்கிற தண்ணிக்குத்தான் சாகும். டெக்கில எண்டால் கையுறை, என்95 மாஸ்க் போட்டு, தூசி கிளம்பாமல் லேசா நனைச்சு, வழிச்செடுத்து ரெண்டு பையில கட்டிக் குப்பையில போட்டு, அந்த இடத்தில கொதிதண்ணி ஊத்துங்கோ. அற்றிக்கில கொதிதண்ணி ஊத்தேலாது தானே, சீலிங் இறங்கியிடும், அங்க அந்த இன்சுலேஷனை அள்ளி எடுத்துப் புதுசு போடுறதுதான் வழி. வக்கியூம் பிடிக்காதேங்கோ, வீடு முழுக்கத் தூசியாப் பரப்பும்.

விசர் பற்றியும் கேட்டிருந்தீங்கள். 2015 டிசம்பரில ஹமில்ரன் பக்கம் ரக்கூன் விசர் திரும்ப வந்தது உண்மை, அதுக்கு முதல் பத்து வருசமா ஒன்ராறியோவில ரக்கூன் விசர் இருக்கேல்லை, மாகாணம் தடுப்பூசி இரையைக் கையாலயும் ஹெலிகொப்டராலயும் போட்டு அமத்தினது. பகலில ரக்கூன் நடந்து திரிஞ்சால் விசர் எண்டு இல்லை, பால் குடுக்கிற தாய்க்குப் பசி கூட, பகலிலயும் வெளிக்கிடும். தள்ளாடி, வட்டமாச் சுத்தி, ஆளைக் கண்டும் விலகாமல் நிண்டால் அது வருத்தக்காரன், கனதரம் டிஸ்ரெம்பர் எண்ட வைரஸ் நோய், அது மனுசருக்கு வராது, ஊசி போடாத நாய்க்கு வரும். அப்பிடிக் கண்டால் கிட்டப் போகாமல் நகரசபையின்ர 311 இலக்கத்துக்கு அடியுங்கோ. கடிச்சால், பிறாண்டினால் சோப் தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே டொக்டரிட்டப் போகவேணும், நாளைக்குப் பாப்பம் எண்ட கதை வேண்டாம். நல்ல சுகமான ரக்கூன் வீட்டுக்குள்ள நிக்குது, வந்து பிடியுங்கோ எண்டு 311க்கு அடிச்சுப் பிரயோசனமில்லை, தனியார் வீட்டில நிக்கிறதை நகரசபை வந்து எடுக்காது.

சாப்பாடு. இந்த நகரம் 31 மில்லியன் டொலர் செலவழிச்சு 2016இல இருந்து ரக்கூன் திறக்கேலாத கிறீன் பின் (சாப்பாட்டுக் கழிவு போடுற குப்பைத் தொட்டி) குடுத்தது. பிடியைத் திருப்பினால்தான் திறபடும், குப்பை லொறி தலைகீழாக் கவுக்கேக்க தானாத் திறக்கும். பேராசிரியர் மக்டொனால்ட் தான் ரக்கூனைக் கொண்டே அதைச் சோதிச்சுப் பாத்தவ. பூட்டு நல்ல பூட்டு, பிரச்சினை எங்களில. சனிக்கிழமை மீன் வெட்டி, செதிலும் குடலும் நண்டுக் கோதும் பையில கட்டி, கிறீன் பின் நிறைஞ்சிட்டுது எண்டு பக்கத்தில நிலத்தில வைச்சால் பூட்டு என்ன செய்யும்? மீன் கழிவைப் பையில போட்டு ஃபிரீசரில வைச்சு, குப்பை எடுக்கிற நாள் காலமை போடுங்கோ, 7 மணிக்கு முதல் வெளிய வைச்சால் போதும். கிறீன் பின்னைச் சுவரோட ஒரு கயிறு போட்டுக் கட்டினால் தள்ளி விழுத்தேலாது, விழுந்தால்தான் சில நேரம் பூட்டுக் கழண்டு போறது. காகத்துக்குச் சோறு வைக்கிற வீடுகளும் கனக்க. 2023 ஏப்ரலில இருந்து ரொறன்ரோவில வனவிலங்குக்குச் சாப்பாடு வைக்கிறது தடை, காகத்துக்கு எண்டு வைச்சாலும் இரவு வாறது ரக்கூன்தான்.

புல்லுத்தரையைக் கம்பளம் சுருட்டினமாதிரிக் கிளப்பிக் கிடந்தால் அது கீழ இருக்கிற வெள்ளைப் புழுவுக்கு. ஓகஸ்ட் கடைசி, செப்டம்பரில நெமரோட் எண்ட, அந்தப் புழுவைக் கொல்லுற நுண்புழுவை வாங்கித் தண்ணியோட விடுங்கோ, புழு போனால் ரக்கூனும் போகும்.

காசுக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் ரெண்டு விசயம் எழுத்தில வாங்குங்கோ. ஒண்டு, அடைச்ச இடத்துக்கு மட்டும் வொறன்ரியோ, முழு வீட்டுக்குமோ. முழு வீட்டைச் சுத்தி எல்லாப் பலவீனமான இடத்தையும் பாத்து அடைக்கிறவரின்ர விலை கூடத்தான் இருக்கும், ஆனால் தாய் அடுத்த கிழமை மற்ற வென்றுக்குள்ளால வந்தால் அவர்தான் திரும்ப ஏறவேணும். ரெண்டாவது, குட்டியளை என்ன செய்யப் போறார் எண்டது. வீட்டு இன்சூரன்ஸ் இதைத் தரும் எண்டு நம்பி இருக்காதேங்கோ, ரக்கூன் செய்யிற சேதத்தைக் கன பொலிசிகள் விலக்கி வைச்சிருக்கு, உங்கட பொலிசியை எடுத்து வாசியுங்கோ. வாடகைக்கு இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சால், திருத்திறது வீட்டுக்காரரின்ர பொறுப்பு, வாயால சொல்லாமல் ஈமெயிலில படத்தோட அனுப்புங்கோ.

உங்கட வீடு செமி எண்டதால இன்னொண்டு. வேலை துவங்க முதல் பக்கத்து வீட்டுக்காரரோட கதையுங்கோ. கூரை ரெண்டு வீட்டுக்கும் ஒண்டு, பழைய செமியளில நடுச்சுவர் அற்றிக்கில முழுசா மூடாமல் விட்ட வீடுகளும் இருக்கு, உங்கட பக்கத்தை மட்டும் அடைச்சால் தாய் அவையின்ர சொஃபிற்றால ஏறி உங்கட பெட்ரூமுக்கு மேலயே வந்து படுக்கும். ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே நாளில எஸ்ரிமேற் கேட்டால் விலையும் கொஞ்சம் குறைப்பினம், எப்பிடியும் ஏணி ஒருக்காத்தானே வைக்கிறது.